பழைய டீசல் கார்: அளந்து பார்ப்பதா, மாற்றிப் பார்ப்பதா, பம்பைக் கழற்றுவதா?

என் பழைய டீசல் கார் ஒருநாள் மேடு ஏற மறுத்தது. சமதரையில் ஓடும், ஐடிலில் சாதுவாக நிற்கும், மிதித்தால் மட்டும் பிக்கப் கிடையாது. டீசல் போதவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. இரண்டு பில்டர்களையும் மாற்றினேன். டேங்கின் அடியில் இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவினேன். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பையும் புதிதாகப் போட்டேன். மூன்று வாரம் போயிற்று, கார் அப்படியே இருந்தது. கடைசியில் வேறு ஏதோ வேலைக்காகக் கை வைத்தபோது, இன்ஜெக்‌ஷன் பம்பின் (எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நாசில்களுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்புவது) பின்பக்கம் செருகியிருந்த மெல்லிய வேக்குவம் குழாய் ஒன்று தற்செயலாகக் கழன்று வந்தது. அதன் வாயை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். கார் பாய்ந்தது.

அந்தக் காரில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவது மின்சாரம் அல்ல, வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சியெடுத்து உண்டாக்கும் வெற்றிடத்தின் இழுப்பு. சாவிக்குப் பின்னால் ஒரு சின்ன வால்வு உண்டு. சாவியை நிறுத்தும் பக்கம் திருப்பினால் அது வேக்குவத்தைப் பம்பிலிருக்கும், எஞ்சினை நிறுத்தும் சவ்வான ஷட்-ஆஃப் டயஃப்ரத்துக்குத் திறந்துவிடும். டயஃப்ரம் டீசல் அளவைத் தீர்மானிக்கும் ரேக்கை இழுத்து மூடும். என் காரில் அந்த வால்வு தேய்ந்து, ஓடும்போதே கொஞ்சம் வேக்குவத்தைக் கசியவிட்டிருக்கிறது. அதாவது நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, கார் தன்னைத்தானே பாதி நிறுத்திக்கொண்டிருந்தது. டீசல் கோளாறு மாதிரியே நடந்துகொண்ட வேக்குவம் கோளாறு.

அந்த மூன்று வாரம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பழைய டீசல் காரில் புரியாத கோளாறு வரும்போது நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மானியை மாட்டி அளந்து பிழையைத் தேடுவது முதல் வழி. சந்தேகப்படும் ரப்பர், பில்டர், வாஷர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுவது இரண்டாவது. இன்ஜெக்‌ஷன் பம்பையும் நாசில்களையும் கழற்றிப் பம்ப் வேலை செய்யும் பட்டறைக்கு அனுப்புவது மூன்றாவது. எதில் தொடங்குவது? எல்லாக் கோளாறுக்கும் ஒரே பதில் சொல்பவர்களை நான் இப்போது நம்புவதில்லை. வேக்குவம் பக்கம் என்றால் அளப்பது, டீசல் பக்கம் என்றால் முதலில் மாற்றுவது என்பதே என் முடிவு. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

வேக்குவம் பக்கம்: அளப்பதே மலிவு

பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் தட்டு காற்றை மறிப்பதால் இன்டேக் மேனிஃபோல்டிலேயே வேக்குவம் உண்டாகும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அந்தத் தட்டு இல்லை. அதனால்தான் தனியாக ஒரு வேக்குவம் பம்ப். அது சில கார்களில் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும், சிலவற்றில் எஞ்சினின் முன்பக்கம் டைமிங் பகுதியிலிருந்து ஓடும். அதிலிருந்து ஒரு தடித்த குழாய் நேராக, பிரேக் மிதிக்கு வலுக்கூட்டும் பிரேக் பூஸ்டருக்குப் போகும். அந்தத் தடித்த குழாயிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய்கள்தான் மற்ற எல்லாவற்றையும் இயக்கும். 1976-ல் அறிமுகமான மெர்சிடிஸ் டபிள்யூ123 இந்த விஷயத்தில் உச்சம். எஞ்சின் நிறுத்தம், கதவுப் பூட்டுகள், ஏசி காற்றின் வழியை மாற்றும் மடல்கள், ஆட்டோமேட்டிக் கியர் மாறும் மென்மை என்று பலவும் ஒரே பம்பை நம்பி வாழும் கூட்டுக் குடும்பம் அது. பின் கதவில் ஒரு ரப்பர் கிழிந்தால் முன்னால் எஞ்சின் நிற்க மாட்டேன் என்னும்.

கேட்கவே பயமாக இருக்கிறதல்லவா? ஆனால் அளப்பவருக்கு இதுவே வசதி. மரம் போலக் கிளை பிரியும் அமைப்பில் ஒவ்வொரு கிளையாக அடைத்துப் பார்க்கலாம். அதற்கு வேண்டியது மானி பொருத்திய, கையால் அழுத்தும் ஒரு வேக்குவம் பம்ப் மட்டும்.

முதலில் எஞ்சினை ஓடவிட்டு, பம்பிலிருந்து நேரடியாக அளக்க வேண்டும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 29.92 அங்குலப் பாதரசம். அதைத் தாண்டி எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது. நல்ல பம்ப் 20 அங்குலத்துக்கு மேல் விரைவாக ஏறி அங்கேயே நிற்கும். மலைப்பகுதியில் இருப்பவர்கள் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து நல்ல பம்பைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. பம்ப் தேறிவிட்டால் அதை விட்டுவிட்டு, கைப்பம்பால் ஒவ்வொரு கிளையிலும் 15 அங்குலம் ஏற்றி முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முள் இறங்கும் கிளையில் பிழை.

எஞ்சின் நிற்கவில்லை என்பதுதான் புகார் என்றால், ஷட்-ஆஃப்புக்குப் போகும் குழாயில் ஒரு டி இணைப்பு போட்டு மானியை மாட்டுங்கள். சாவியைத் திருப்பியதும் முள் 15-க்கு மேல் போயும் எஞ்சின் ஓடினால் டயஃப்ரமோ ரேக்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. முள் 5-ஐத் தாண்டவில்லை என்றால் வேக்குவம் வழியில் எங்கோ தொலைகிறது. உடனே கதவுப் பூட்டுக் கிளையை அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கோல்ஃப் பந்தைத் தாங்கும் சின்ன ஆப்பு இந்தக் குழாய்களின் வாய்க்கு அளவெடுத்தது போலப் பொருந்தும் என்பது உலகம் முழுக்கப் பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் அறிந்த ரகசியம். அதற்காகவே ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், கோல்ஃப் ஆடத் தெரியாது.

அளப்பவரையும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. பூட்டுவதற்கு ஒரு குழாய், திறப்பதற்கு ஒரு குழாய் என்று பூட்டில் இரண்டு வழி இருக்கும். பூட்டிய நிலையில் கசியாத கதவு திறந்த நிலையில் கசியலாம். இரண்டு நிலையிலும் அளக்காதவர் நாள் முழுக்க அளந்தும் பயனில்லை. இன்னொன்று, குழாயைக் கழற்றும்போது உள்ளே எஞ்சின் ஆயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷட்-ஆஃப் டயஃப்ரத்தின் சீல் போய்விட்டால் இன்ஜெக்‌ஷன் பம்பின் உள்ளே இருக்கும் ஆயிலை வேக்குவம் உறிஞ்சி, சாவி வால்வு வரை, ஏன் பூட்டுகள் வரைகூடக் கொண்டுபோகும். ஆயிலைக் கண்டால் அந்த டயஃப்ரத்தை முதலில் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் புதிதாகப் போடும் எல்லா ரப்பரும் அதே ஆயிலில் ஊறும்.

இதே பக்கத்தில் எல்லா ரப்பரையும் ஒரேயடியாக மாற்றினால் என்ன? இணைப்புகள் ஏராளம், பாதி கதவு அட்டைக்கும் டாஷ்போர்டுக்கும் பின்னால். கழற்றும்போது முப்பது நாற்பது வருடப் பிளாஸ்டிக் குழாய் முறியும். இல்லாத கசிவை நாமே உண்டாக்குவோம். எஞ்சின் அறையில் கைக்கெட்டும் ரப்பர் முழங்கைகளை மட்டும், வெடித்திருந்தால், பார்த்த உடனே மாற்றிவிடலாம். அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அளவு தேறியும் நம்பிவிடக் கூடாதது வேக்குவம் பம்ப் மட்டும். மெர்சிடிஸின் ஓஎம்602, ஓஎம்603 எஞ்சின்களில் அந்தப் பம்பின் பேரிங் உடைந்து, குண்டுகள் டைமிங் செயின் பக்கம் விழுந்து எஞ்சினையே முடித்த கதைகள் நிறைய. இவற்றில் பம்ப் நன்றாக இழுக்கிறது என்பது மட்டும் போதாது. கழற்றி உருளையையும் பேரிங்கையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் ரிப்பேர் வேண்டாம், புதிது போடுங்கள். பிரேக் மிதி கட்டையாகிவிட்டால் எந்தக் காராக இருந்தாலும் அதைச் சரிசெய்யும் வரை ஓட்டக் கூடாது.

டீசல் பக்கம்: மாற்றுவதில் நியாயம் உண்டு

டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையிலான குழாய் முழுக்க இழுக்கும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரையில் சொட்டு இல்லை, குழாயில் ஈரமில்லை, ஆனால் எஞ்சின் ஏர் எடுத்துத் தடுமாறும். ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, கைப்பம்பு மானிக்கும் வேக்குவம் பக்கம்போல எளிதில் அகப்படாது. ஓடும் அதிர்விலும் சூட்டிலும் மட்டும் திறக்கும் வெடிப்பு அது.

போஷ் வரிசைப் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிளஞ்சர் ஒரே வரிசையில் நிற்கும் இன்ஜெக்ஷன் பம்ப்) உள்ள கார்களில் ஃபீட் பம்ப் எஞ்சின் பக்கத்திலேயே இருக்கும். ஃபோக்ஸ்வாகனின் 1.6 டீசலிலும் பியூஜோவின் எக்ஸ்யூடி எஞ்சின்களிலும் தனி ஃபீட் பம்பே இல்லை. இன்ஜெக்‌ஷன் பம்ப் தானே டேங்க் வரை உறிஞ்ச வேண்டும். இவற்றில் ஊசிமுனை ஓட்டைகூடப் பெரிய விஷயம்.

இன்னொரு காரணம், இந்தப் பொருட்கள் எல்லாம் எப்படியும் மாற்ற வேண்டியவை. எப்போது கடைசியாக மாற்றினார்கள் என்று தெரியாத காரில் இரண்டு பில்டர், மென்மையான ரப்பர் குழாய்கள், கிளாம்புகள், நாசில்களுக்கிடையே ஓடும் துணி போர்த்திய 3.2 மில்லிமீட்டர் ரிட்டர்ன் குழாய், கடைசி நாசிலின் அடைப்பு மூடி, குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர்கள் என்று அத்தனையும் மாற்றினால் ஒரு ரூபாயும் வீண் இல்லை. டீசலைக் கையால் அடித்து நிரப்பும் பழைய மாதிரிக் கைப்பம்பு (வேக்குவம் அளக்கும் கைப்பம்பு அல்ல), அதாவது திருகி மூடும் குமிழ் வைத்தது, இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடலாம். காற்று நுழையும் பெயர்போன வாசல் அது.

குழாய் வாங்கும்போது மலிவு பார்க்காதீர்கள். 1993-ல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது, அதுவரை கசியாத பழைய பம்புகளின் நைட்ரைல் சீல்கள் சுருங்கிக் கசியத் தொடங்கின. டீசலின் கலவை மாறியதுதான் காரணம். பயோடீசலோ எதிர்ப்பக்கம், சில பழைய ரப்பர்களை ஊதிக் குழையச் செய்யும். டேங்கின் பழைய கசடையும் கரைத்துக் கொண்டுவந்து பில்டரில் அடைக்கும். விட்டான் ரப்பர் இரண்டையும் தாங்கும்.

மாற்றும் வழியின் குறை என்ன? தடயம் அழிந்துவிடும். எது பிழை என்று தெரியாமலே கார் சரியாகிவிடும், ஆறு மாதத்தில் அதே நோய் திரும்பும். அதனால் கழற்றிய பில்டரை எறியாமல் அறுத்துப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே கருப்பாக, வழவழப்பாக, சளி மாதிரி இருந்தால் டேங்கில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் அது பெருகும். அப்போது எத்தனை பில்டர் மாற்றினாலும் தீராது. டேங்கைக் காலி செய்து கழுவ வேண்டும், நுண்ணுயிர்க்கொல்லி ஊற்ற வேண்டும், அடுத்த இரண்டு மூன்று பில்டர் சீக்கிரமே அடையும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். துருத்தூள் வந்தால் கதை வேறு. உலோக மினுக்கம் வந்தால் ஃபீட் பம்பைப் பாருங்கள்.

எல்லாம் மாற்றியும் பழைய பாட்டையே பாடினால் அப்போது அளக்கும் முறைக்கு வரலாம். என் மனதுக்கு மிகப் பிடித்த சோதனை கேன் சோதனை. சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனை எஞ்சின் அருகே நன்றாகக் கட்டிவைத்து, ஃபீட் பம்புக்குள் போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் அதிலேயே விட்டு எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது. எஞ்சின் சிரித்துக்கொண்டே ஓடினால் டேங்க், அதன் வலை, காரின் வயிற்றடியில் ஓடும் குழாய் இவற்றில்தான் பிழை. தடுமாற்றம் தொடர்ந்தால் பிழை முன்பக்கம். காரின் பாதி நீளத்தை ஒரே மூச்சில் நிரபராதி ஆக்கிவிடும் சோதனை இது.

கண்ணாடிபோல் தெரியும் குழாயை இடையில் போட்டுக் குமிழி பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் அந்தக் குழாயின் இணைப்பே ஏர் எடுத்து நம்மை ஏமாற்றும். டீசலில் அது சீக்கிரம் விறைத்துப்போவதால் பார்த்துவிட்டுக் கழற்றிவிட வேண்டும். முதல் பில்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தால் அதன் மேல்பகுதியில் எப்போதும் ஒரு காற்றுக் குமிழி நிற்பது இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஓடிக்கொண்டே இருக்கும் குமிழிகள்தான் நோய்.

அரை மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் சோர்ந்து, நிறுத்திவைத்தால் தானே தெளியும் கார் என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் டேங்கின் காற்றுவழி அடைந்திருக்கிறது. டீசல் குறையக் குறைய டேங்குக்குள்ளேயே வேக்குவம் உண்டாகி ஃபீட் பம்போடு கயிறு இழுக்கிறது. மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தால் ஐந்து பைசா செலவில்லாமல் உறுதியாகிவிடும். வேக்குவம் பக்கத்தைச் சேராத வேக்குவம் கோளாறு இது.

காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத காருக்குக் கோளாறு, ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கா, டீசல் இறங்கிப்போகிறதா என்ற குழப்பம் வரும். இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன் கைப்பம்பை அடித்து டீசலை நிரப்புங்கள். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் டீசல் பின்னால் இறங்குகிறது. பலனில்லை என்றால் ஹீட்டர் பிளக் பக்கம் போகலாம். ஈதர் தெளித்து ஸ்டார்ட் செய்யும் புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம். சூடான பிளக்கில் அது பட்டால் நேரம் தவறி வெடிக்கும், பிஸ்டன் தாங்காது.

பம்பைக் கழற்றும் முன்

மூன்றாவது வழிதான் செலவில் பெரியது, பலரும் முதலில் சொல்வதும் அதுவே. பம்ப் போய்விட்டது, கழற்றுங்கள் என்பார்கள். வரிசைப் பம்புகள் சுத்தமான டீசலும் நல்ல ஆயிலும் கிடைத்தால் எஞ்சின் வயதுக்கு உழைப்பவை. அவற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் நான் பார்ப்பவை சில.

மிதி முழுக்க இறங்கும்போது பம்பின் கைப்பிடி எல்லை வரை போகிறதா? ஒருவர் மிதிக்க, ஒருவர் பார்க்க வேண்டும். இணைப்புக் கம்பியின் புஷ்கள் தேய்ந்து, முக்கால் ஆக்சிலேட்டரோடு வருடக்கணக்கில் ஓடிய கார்கள் உண்டு. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் ஓட்டியிருக்கிறேன்.

டர்போ வண்டி என்றால் மேனிஃபோல்டிலிருந்து பம்புக்குப் போகும் அழுத்தக் குழாய். டர்போ டீசல் பயணிகள் கார்களில் முதலாவதான 1978-ன் மெர்சிடிஸ் 300எஸ்டி தொடங்கி, அந்த வரிசை எஞ்சின்களில் டர்போ அழுத்தம் ஏறியதும் பம்புக்குச் சேதி சொல்லி டீசலைக் கூட்டச் செய்யும் வழி அது. மேனிஃபோல்டில் அது தொடங்கும் பேன்ஜோ போல்ட்டின் துளை கரி பிடித்து அடையும். சேதி போகாது, டர்போ நன்றாக இருந்தும் பிக்கப் வராது. போல்ட்டைக் கழற்றிக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகாது. பம்பைக் கழற்ற ஒரு நாள், திரும்பப் போட்டு டைமிங் வைக்க இன்னொரு நாள்.

பிறகு வால்வு கிளியரன்ஸ், கம்ப்ரஷன். இவை தேறினால் நாசில்களைச் சோதிக்கக் கொடுக்கலாம். மெர்சிடிஸின் ஓஎம்616, ஓஎம்617 எஞ்சின்களில் நாசில் திறக்கும் அழுத்தம் 115 முதல் 145 பார் வரை, டர்போவா இல்லையா என்பதைப் பொறுத்து. அதனால் ஓடும் எஞ்சினில் இரும்புக் குழாய் இணைப்பில் கசிவு தேடி விரல் வைக்கக் கூடாது. அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

இத்தனையும் தாண்டிய பிறகு மூன்றாவது வழி நியாயமானது. பம்பின் தலையில் டெலிவரி வால்வுகளைச் சுற்றி டீசல் கசிந்தால்கூட, பல பம்புகளில் அதற்குரிய பல்சாவி இருந்தால் கழற்றாமலே சீல் மாற்றலாம். எஞ்சின் வேகத்தை வேக்குவத்தால் கட்டுப்படுத்தும் பழைய நியூமேட்டிக் கவர்னர் வைத்த எஞ்சினுக்கு மட்டும் என் வரிசை மாறும். அதில் டீசலைக் குறைப்பதே வேக்குவம்தான். கவர்னர் டயஃப்ரம் கிழிந்தால் ஸ்பிரிங் ரேக்கை முழு டீசலுக்குத் தள்ளி, எஞ்சின் தறிகெட்டு ஓடும். அங்கே முதல் வேலை அந்த டயஃப்ரத்தை மாற்றுவது, அளப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒதுக்கிவிடும் வழி என்று நாலாவதாக ஒன்றும் பேசப்படுகிறது. கதவுப் பூட்டுக் கிளையை நிரந்தரமாக அடைத்துவிட்டு ஒவ்வொரு கதவாகச் சாவி போடுவது, ஷட்-ஆஃப்புக்குக் கேபிள் இழுப்பது, டேங்க் அருகே மின் பம்ப் வைப்பது. பூட்டை அடைப்பதில் தவறில்லை, அது வசதியை மட்டும்தான் பறிக்கும். கேபிளும் சரிதான். மின் பம்பு விஷயத்தில் யோசிப்பேன். இழுக்கும் பக்கம் தள்ளும் பக்கமாகிவிடுவதால், காற்று எடுத்த ஓட்டை இனி டீசலைக் கக்கும், எஞ்சின் நின்றாலும் தானாக நிற்காத பம்பு என்றால் கக்கிக்கொண்டே இருக்கும். எஞ்சின் நின்றதும் மின்சாரத்தை வெட்டும் ரிலே இல்லாமல் அதைப் போடக் கூடாது. பூஸ்டர் குழாயில் இருக்கும் ஒருவழி வால்வை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக் கூடாது.

பிழை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, பிக்கப் மட்டும் இல்லை என்பவருக்கு: பில்டர் வாங்கக் கிளம்பும் முன் ஷட்-ஆஃப்பின் வேக்குவம் குழாயைக் கழற்றி, அதன் வாயை இறுக அடைத்து, வழக்கமாகத் திணறும் மேட்டில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். திரும்பி வந்ததும் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. பானெட்டைத் திறந்து, பம்புப் பக்கம் ஸ்டாப் என்று எழுதியிருக்கும் கைப்பிடியை நிற்கும் வரை அழுத்த வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைப் பார்த்துவைக்காததால், அன்று பாய்ந்து வந்த காரை நிறுத்தத் தெரியாமல் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன்.